முட்டுக்கட்டை

வங்கிப் பணியில் இருந்த 38 ஆண்டுகளில் எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் வழங்கிவந்தது. கடன் விண்ணப்பங்களில் ஏதேனும் ஒரு குறையைக் கண்டு நிறுத்திவைப்பது என் வழக்கம் ஆகையால், இளம் ஊழியர்கள் என்னை ‘முட்டுக்கட்டை’ என்றே குறிப்பிடுவார்கள். ஒருநாள் அது என் காதிலேயே விழுந்துவிட்டது. சொன்ன பையன் வெலவெலத்துப் போனான். எனக்கோ கோபம் வரவில்லை. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் வசைச்சொல்லாகத் தோன்றாது. தேர் ஓடும் வீதியில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் போல் பொறுப்புள்ள மனிதர் வேறு யார்? ஆயினும் அந்தப் பெயரைக் கேட்டபோது மனத்துக்குள் வேறொரு முள் தைத்தது. அதைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இந்த ஆண்டுச் சித்திரைத் தேரன்று நடந்த ஒன்றினால் எழுதத் துணிகிறேன்.

என் தகப்பனார் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். முதலில் ஆவடி. விஜயந்தா டாங்கிகள் உருவான கனரக ஊர்தித் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள். கம்பி வேலிக்கு இப்பால் நின்றுகொண்டு, சோதனை ஓட்டத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் டாங்கியைப் பார்த்ததே என் நினைவில் எஞ்சியுள்ள முதல் வாகனம். தனக்கு வேண்டிய சாலையைத் தானே சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போகும் அந்த விந்தை ஏழெட்டு வயதுப் பையனை எப்படிப் பித்துக்கொள்ளச் செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு, திருச்சியில் 1966-இல் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கப்பட்டதும், அடுத்த ஆண்டு அப்பா சொந்தச் சீமைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தாத்தாவும் பாட்டியும் ஸ்ரீரங்கத்தில் கீழச்சித்திரை வீதியில் இருந்தார்கள். நாங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில். ஞாயிறு தோறும் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்று வருவோம். இன்று 236 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் அன்று மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1987-இல் அதற்குக் குடமுழுக்கு ஆனபோது நான் வெளியூர்க் கிளையில் இருந்தேன்.

அந்தக் குடியிருப்பு ஒரு தனி நாடு. வாசலில் காவலாளி, காலையிலும் மாலையிலும் ஊரையே எழுப்பும் சங்கு, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள், அவற்றிடையே நேர்கோடாக ஓடும் தார்ச்சாலைகள். கான்பூரிலிருந்தும் ஜபல்பூரிலிருந்தும் வங்காளத்து இச்சாப்பூரிலிருந்தும் மாற்றலாகி வந்த குடும்பங்கள் எங்களைச் சுற்றி இருந்தன. எதிர்வீட்டு வங்காளப் பையனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் சக்கரம் என்பதற்கு இருவருக்கும் மொழி வேண்டியிருக்கவில்லை. அவன்தான் எனக்குப் பேரிங் வண்டியை அறிமுகப்படுத்தியவன். காகிதத்தில் ஒரு பலகையும் மூன்று வட்டங்களும் வரைந்து காட்டினான். அவ்வளவுதான்.

பேரிங் வண்டியைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மூன்றடி நீளப் பலகை ஒன்று. பின்னால் குறுக்கே ஒரு ரீப்பர் கட்டை; அதன் இரு முனைகளையும் செதுக்கி உருட்டி, இரண்டு பேரிங்குகளை இறுக்கமாகச் செருகிவிட வேண்டும். முன்னால் இன்னொரு குறுக்குக் கட்டை. அதன் நடுவில் மூன்றாவது பேரிங். இந்த முன்கட்டை ஒரே ஒரு போல்ட்டில் பலகையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இடமும் வலமும் திரும்பும். பலகையில் அமர்ந்து, இரண்டு பாதங்களையும் முன்கட்டையின் இரு முனைகளில் ஊன்றி, காலாலேயே திசை திருப்ப வேண்டியதுதான். பின்னாலிருந்து ஒருவன் தள்ளுவான். மேடு கிடைத்தால் தள்ளவும் வேண்டாம். இரும்பு உருளை தார்ச்சாலையில் எழுப்பும் சத்தம் இருக்கிறதே, அது நான்கு தெருவுக்குக் கேட்கும். பகல் தூக்கம் கெட்டுப் போன மாமிகள் எங்களுக்கு இட்ட சாபங்கள் பலிக்காமல் போனது அரங்கன் கருணை என்றே கொள்ள வேண்டும்.

பலகைக்குப் பஞ்சமில்லை, இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் மரத்தை விறகு விலைக்கு விற்பார்கள். பேரிங்குக்குத்தான் பெரும்பாடு. தஞ்சாவூர்ச் சாலையில் இருந்த ஒரு லாரி பட்டறையில் தேய்ந்து கழித்துப் போட்டவற்றை மூன்று ரூபாய்க்கு வாங்கினோம். அந்தப் பணத்தை நாங்கள் சேர்த்த கதை தனியே ஒரு கட்டுரை ஆகும். வாங்கி வந்ததை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய கிரீஸ் கரைய அலசி, விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்ப்போம். உள்ளே குண்டுகள் ஓடும் ஓசை நின்று நிதானமாக அடங்கினால் நல்ல சரக்கு. கடகடவென்று சட்டென நின்றால் தள்ளுபடி. எண்ணெய்க்கு அம்மாவின் விளக்கெண்ணெய்ப் புட்டி.

அடுத்த வீட்டில் ஒரு ஃபிட்டர் மாமா இருந்தார். பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க அவரே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பேரிங்கின் எண் 6305. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும்: 25 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ரீப்பர் முனையைச் செதுக்க வேண்டும். வெளிவிட்டம் 62, அகலம் 17. பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு அழுதவன், இந்தக் கணக்கை மட்டும் ஒரு தடவை கேட்டு இன்றளவும் மறக்கவில்லை.

பேரிங்தான் புதிதே தவிர, மூன்று சக்கர வண்டி நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. இதைப் பிற்பாடு, கல்லூரியில் படித்தபோது அறிந்து வியந்தேன். கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் முற்றத்தில் நெல் உலர்த்துகிறார்கள்; கொத்த வந்த கோழியை விரட்டக் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள்; அந்தக் குழை சிறுவர்கள் உருட்டிவரும் குதிரை பூட்டாத மூன்றுகால் சிறுதேருக்கு வழித்தடையாகிறது. ஊரின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் இதைச் சொன்னார் என்பது உரைகாரர் கருத்து. எனக்கோ கண் முழுவதும் அந்த வண்டியின் மேல்தான். அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு சிறுதேரை ஓட்டுகிறார். தச்சர் செய்து கொடுத்த, ஏறி ஊர முடியாத தேரை உருட்டி உருட்டிக் களைத்த பிள்ளைகள் பால் குடித்துவிட்டு உறங்கிப் போகிறார்கள். இரண்டு பாட்டிலும் மறக்காமல் பொம்மைத் தேரை வைத்த அந்தப் புலவர், தாமும் சிறுவயதில் ஒன்றை உருட்டியவராகத்தான் இருந்திருப்பார்.

பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாராயணம் செய்யும் அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் காப்பு தொடங்கிப் பத்துப் பருவங்கள், பத்தாவது சிறுதேர். குமரகுருபரர் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமிக்குப் பாடியதும் அவ்வாறே முடிகிறது. தவழ்ந்து, சப்பாணி கொட்டி, நிலவை அழைத்து, சிறுபறை முழக்கி, கடைசியில் தேர் உருட்டுவதோடு குழந்தைப் பருவம் நிறைவு பெறுகிறது. ஆக, தெய்வக் குழந்தையே ஆனாலும் வண்டி உருட்டாமல் வளர முடியாது என்பது நம் புலவர்கள் முடிவு. அமெரிக்காவில் சோப்புப் பெட்டிகளுக்குச் சக்கரம் மாட்டிச் சிறுவர்கள் மேட்டிலிருந்து ஓட்டும் பந்தயம் 1934-இல் டேட்டன் நகரில் தொடங்கி மறு ஆண்டு ஆக்ரன் நகருக்கு மாறியது. 1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் அத்தகைய சட்டத்தில் ஒரு சிறு எஞ்சினைப் பொருத்தினாராம்; ‘கோ-கார்ட்’ என்று இன்று பெரிய நகரங்களில் காசு கொடுத்து ஓட்டுகிறார்களே, அதன் ஆதி அதுதான். நாங்கள் எஞ்சின் இல்லாத கட்டத்தோடு நின்றுவிட்டோம்.

எங்கள் முதல் வண்டி முதல் நாளிலேயே அச்சு முறிந்தது. ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் அழுதபோது, “பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு ஓட்டினியாடா?” என்று கேட்டாள். நான் விழித்தேன். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானே விநாயகரை நினையாமல் தேரேறியதால் அச்சு முறிந்தது என்றும், அந்த அச்சு இற்ற இடம்தான் அச்சிறுபாக்கம் என்றும் சொல்லி, “பரமசிவன் தேருக்கே அந்தக் கதி, உன் பலகை எம்மாத்திரம்” என்று முடித்தாள். அடுத்த வண்டிக்குத் தேங்காய் உடைத்தோம். ரீப்பரையும் கொஞ்சம் தடிமனாகப் போட்டோம். எதனால் அது நிலைத்தது என்று பாட்டி இருந்தவரை நான் வாதிட்டதில்லை.

இரண்டாவது வண்டி உண்மையிலேயே நன்றாக அமைந்துவிட்டது. குடியிருப்பில் நீர்த்தொட்டி இருந்த மேட்டிலிருந்து ஒரு சாலை இறங்கும். அடிவாரத்தில் வலப்புறம் வளைந்து, ஒரு சிறு மதகைத் தாண்டிச் செல்லும். எங்களுக்கு அதுவே இமயமலை. ஃபிட்டர் மாமா ஒருநாள் எங்கள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய், ஒரு கட்டையும் கீலும் கொண்டுவந்தார். பலகையின் பக்கவாட்டில் அதைப் பொருத்தினார். மேல்முனையைப் பிடித்து இழுத்தால் கீழ்முனை தரையில் உராய்ந்து வண்டி நிற்கும். “ஓடறதுக்கு மூணு சக்கரம் வச்சிருக்கே, நிக்கறதுக்கு ஒண்ணாவது வேண்டாமா?” என்றார்.

அந்தக் கட்டையை நான்தான் கழற்றினேன்.

வங்காளப் பையனின் வண்டியோடு பந்தயம் என்று முடிவாயிற்று. ஓடும்போது அந்தக் கட்டை ஆடி ஆடித் தரையைத் தொட்டது. வேகம் குறைகிறது என்று எனக்கு எண்ணம். முதல் நாள் மாலை ஸ்குரூ டிரைவரால் நான்கு ஆணிகளையும் கழற்றிக் கட்டையைக் கொல்லைப்புற விறகோடு போட்டேன். 1970-ஆம் ஆண்டுச் சித்திரை மாதம், பள்ளி விடுமுறை. எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு ஒன்பது. எடை கூடினால் இறக்கத்தில் வேகம் கூடும் என்ற என் சொந்த விஞ்ஞானத்தின்படி, அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அவன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அண்ணா, மெதுவா, மெதுவா” என்று சொன்னது இரும்புச் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது. விழுந்தது என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

வளைவில் காலால் திருப்பினேன். முன்கட்டை திரும்பியது; வண்டி திரும்பவில்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. நான் மண்மேட்டில் விழுந்து முழங்கால் சிராய்ப்போடு எழுந்துவிட்டேன். தம்பி மதகுச் சுவரின் மேல் விழுந்திருந்தான். இடது மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. அவன் அழவில்லை, அதுதான் எனக்கு அச்சமூட்டியது.

யாரோ ஓடினார்கள், யாரோ தூக்கினார்கள். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் நான் முழங்காலைக் கழுவி முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டுவிட்டேன். “யார் ஓட்டினது?” என்று அவர் கேட்டார். “நான் இல்லாதப்போ அவனே எடுத்துண்டு போயிட்டான்” என்றேன். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்து, “அப்படியா?” என்றார். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு, “ஆமாம்பா” என்றான்.

அப்பா கை நீட்டி அடிக்கிறவர் அல்லர். அவருடைய வழி வேறு. அன்றிரவு எங்கள் இருவரையும் எதிரே வைத்துக்கொண்டு மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னார். பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியிருப்பதை அவர் ஊன்றிப் படித்தவர். திருவாரூர் வீதியில் இளவரசன் வீதிவிடங்கனின் தேர்க்காலில் கன்று சிக்கியதையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், தண்டனையை நிறைவேற்றச் சொல்லப்பட்ட அமைச்சர் தம் உயிரையே விட்டதையும், பின் அரசனே மகன் மேல் தேரைச் செலுத்தியதையும் சொல்லி, தவறு செய்தவன் தன் பிள்ளையே ஆனாலும் தண்டனை உண்டு என்று தீர்ப்பைப் படித்தார். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். தம்பிக்கு அந்த ஆண்டு ஸ்ரீரங்கத்துத் தேர் கிடையாது, அம்மாவோடு வீட்டிலேயே இருக்க வேண்டும். கை உடைந்த பையனைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதும் உண்மைதான். ஆயினும் அது தண்டனையாகவே சொல்லப்பட்டது.

அந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. இளவரசன் அதை மறைக்கவில்லை. அரசனுக்குச் செய்தி எட்டுமுன்பே, இதற்குக் கழுவாய் என்னவென்று கேட்க அந்தணரை நாடிப் போகிறான். தேரை ஓட்டியது வேறு யாரோ என்று அவன் சொல்லவில்லை. அன்றிரவு அப்பா அந்த இடத்தைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேரன்று நானும் அப்பாவும் மட்டும் ஸ்ரீரங்கம் போனோம். சித்திரைத் தேர் ஸ்ரீரங்கத்தின் தேர் மட்டுமன்று. சுற்றுப்புறத்துக் கிராமங்கள் எல்லாவற்றின் தேரும் கூட. முதல் நாளே வந்து வீதியெங்கும் படுத்திருப்பார்கள். முடி காணிக்கை செலுத்துவார்கள். தங்கள் வயலில் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலையும் வஸ்திரமும் கிளியும் வரும். அவற்றை அணிந்துகொண்டே நம்பெருமாள் தேரில் எழுந்தருள்வார். விருப்பண்ண உடையார் ஏற்படுத்தியதால் இது விருப்பன் திருநாள் என்று பெயர் பெற்றது. வடம் பிடிக்கும்போது எழும் ‘ரங்கா, ரங்கா’ என்ற முழக்கம் இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர எனக்கு இயலாது.

தாத்தா என்னைக் கைப்பிடித்துத் தேரின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். “யாருடா வண்டி ஓட்டினது?” என்றார் நடந்துகொண்டே. “தம்பி” என்றேன். “ஒன்பது வயசிலயா” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. “மேலே பாக்காதே. கீழே சக்கரத்துக்கிட்டே பார்” என்றார்.

அதுவரை நான் தேரை அண்ணாந்தே பார்த்திருந்தேன். அன்றுதான் கீழே பார்த்தேன். என்னைவிட உயரமான சக்கரங்கள். அவற்றுக்கு மிக அருகே, இடுப்பில் வேட்டியை வரிந்து கட்டிய நாலைந்து பேர், கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய பெரிய கட்டைகளோடு, பின்புறமாகவே நடந்துகொண்டிருந்தார்கள். கண் சக்கரத்தை விட்டு அகலவில்லை. தேர் வேகம் எடுக்கும்போது ஒருவர் குனிந்து கட்டையைச் சக்கரத்தின் வாயில் கொடுத்துவிட்டு அதே நொடியில் கையை இழுத்துக்கொள்கிறார். கட்டை நெரிபடும் ஓசை, மரச்சிம்புகள் தெறிக்கின்றன, தேர் முனகிக்கொண்டு அடங்குகிறது. வலத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் தேர் வலம் திரும்பும். இடத்துக்குக் கொடுத்தால் இடம். கிளம்ப மறுத்தால் பின்னாலிருந்து சன்னை மரம் போட்டு நெம்புவார்கள். ஆயிரம் பேர் இழுப்பதும், நிற்பதும், வீதி முனையில் திரும்புவதும் இந்த நாலைந்து பேர் கையில் இருந்தது. “இவங்க கையில கட்டை இல்லேன்னா பெருமாள் தேர் எந்த வீட்டுத் திண்ணைக்குள்ள போகும்னு யாருக்குத் தெரியும்” என்றார் தாத்தா. பிறகு என் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பும்வரை நேரம் இருந்தது.

நம் திருச்சிக்கே இதில் ஒரு பங்கு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூர்ப் பக்கத்துப் பெல் நிறுவனம் கொதிகலன் செய்வதோடு நிற்காமல், தமிழகத்துக் கோயில் தேர்கள் பலவற்றுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்திருக்கிறது. 96 அடி உயரமுள்ள திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்தியிருக்கிறது. நெடுங்காலம் ஓடாதிருந்த அந்த ஆழித்தேர் மறுபடி ஓடியதும் அதே 1970-இல்தான். ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. திருப்பிவிட இன்றும் கட்டைதான் வேண்டும்.

தம்பியின் கை கூடிற்று. ஆனால் மணிக்கட்டு முழுவதுமாகத் திரும்பாமல் நின்றுவிட்டது. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துத் தீர்த்தம் வாங்க முடியாது. இடக்கை என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. படைக்கலங்கள் நடுவே வளர்ந்த பையனுக்கு விமானப்படையில் சேர வேண்டும் என்று ஆசை. எழுத்துத் தேர்வில் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பி வந்தான். பிறகு பி.எட். படித்துப் புதுக்கோட்டைப் பக்கம் கணக்கு ஆசிரியராகி, நல்லாசிரியர் என்று பெயர் எடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டான். குறைபட்டுக்கொண்டதே இல்லை. நானும் கேட்டதில்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் நிறுத்திவைப்போம். நெடுநாள் அதில் ஒரு பதிவு கிடந்தால் தணிக்கையாளர் விடமாட்டார். அத்தகைய பதிவுகளைத் துரத்தித் துரத்தி நேர்செய்வதில் நான் பெயர் பெற்றவன். என் சொந்தப் பதிவு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. அப்பா காலமானார். அவருடைய கடைசி நாட்களில் மருத்துவமனையில் இரண்டு இரவுகள் நான் மட்டுமே உடன் இருந்தேன். பேச நேரம் நிறைய இருந்தது. உப்பில்லாத கஞ்சியைப் பற்றியும், ஓய்வூதிய நிலுவையைப் பற்றியும் பேசினோம்.

இந்த ஆண்டுத் தேருக்குத் தம்பி வந்திருந்தான். தாத்தா வீடு கைமாறிவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு அன்பர்கள் தங்கள் திண்ணையில் எங்களுக்கு எப்போதும் இடம் வைத்திருப்பார்கள். இருவருக்கும் இனி வடம் பிடிக்கும் வயதில்லை. என் பேரன், ஏழு வயதுக்காரன், தம்பியின் கையைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தவன், “சின்னத் தாத்தா, உங்க கை ஏன் திரும்ப மாட்டேங்குது?” என்று கேட்டான். தம்பி வழக்கமான பதிலைச் சொன்னான். “சின்ன வயசில தனியா வண்டி ஓட்டி விழுந்துட்டேன்டா.”

தேர் எங்களுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. முட்டுக்கட்டைக்காரர் குனிந்தார்.

“தனியா இல்லை. ஓட்டினது நான். பிரேக்கைக் கழட்டினதும் நான்” என்றேன். குழந்தையிடம்தான் சொன்னேன்; தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பேரனுக்கு அதில் சுவை இல்லை. கட்டை நெரியும் ஓசை கேட்டு எழுந்து ஓடிவிட்டான்.

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பாகிட்ட சொன்னியா?” என்றான்.

“இல்லை.”

“அம்மாவுக்குத் தெரியும்” என்றான். “கட்டு போட்ட அன்னிக்கு ராத்திரியே நான் சொல்லிட்டேன். நீயா சொல்லுவேன்னு அம்மா காத்துண்டிருந்தா.”

அம்மா தம் கடைசிப் பதினொரு ஆண்டுகளை என் வீட்டில்தான் கழித்தார். நாள்தோறும் அவருக்குக் காலில் தைலம் தேய்த்து விட்டவன் நான்.

தேர் எங்களைக் கடந்து தெற்கே திரும்பத் தொடங்கியது. “எழுந்திருக்கணும், கால் மரத்துப் போச்சு” என்றான் தம்பி. இடக்கையை நீட்டினான். நான் இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கிவிட்டேன். பேரன் தேர்த்தடத்தில் கிடந்த ஒரு மரச்சிம்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து நின்றான். நீர்மோர்ப் பந்தலில் கூட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மூவரும் வீதியில் இறங்கினோம்.